எல்லோருக்கும் மருத்துவம்: பணத்தையும் அரசியலையும் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் பேட்டைகளில், அல்சூரோ ஸ்ரீராமபுரமோ சிவாஜிநகரோ, மருத்துவச் செலவைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். "அஞ்சு லட்சத்துக்கு கார்டு தர்றாங்களே, அப்புறம் என்ன?" என்பது ஒன்று. "கார்டு இருந்து என்ன, மாசாமாசம் மாத்திரைக்கு நான்தானே அழுறேன்?" என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் உண்மையாக இருக்கின்றன என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான அரசுக் குழு 1946இல், சுதந்திரத்துக்கும் முன்பே, எழுதி வைத்தது. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் சுமார் 450 கோடிப் பேருக்கு அடிப்படை மருத்துவ சேவைகள் இன்னும் முழுமையாக எட்டவில்லை. வழி தெரியாததால் அல்ல. பணத்தை யார் தருவது, யார் பெயரில் தருவது, யார் கையில் தருவது என்ற மூன்று கேள்விகளில்தான் எல்லா நாடும் மாட்டிக்கொள்கிறது. நாமும் அங்கேதான் நிற்கிறோம். இதைப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் சில தவறுகளை இங்கே எழுதுகிறேன். தேர்தல் நேரத்தில் இவை இன்னும் பெரிதாகிவிடுகின்றன.

கார்டு கிடைத்துவிட்டால் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நினைப்பது

இதுதான் எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கார்டுக்குப் பின்னால் இருக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2018 செப்டம்பரில் ராஞ்சியில் தொடங்கியது. கர்நாடகத்தில் அது மாநிலத்தின் 'ஆரோக்கிய கர்நாடகா' திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் இது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான திட்டம். சேர்வதற்கு 3 நாள் முன்பும், வீட்டுக்கு வந்த பிறகு 15 நாளும் ஆகும் செலவு தேசியத் திட்டத்தின் கணக்கில் வரும். அதற்கு வெளியே ஆகும் ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை, மாத்திரை எதுவும் வராது.

கணவனுக்கு சுகர், மனைவிக்கு பி.பி., பாட்டிக்கு மூட்டு வலி என்று இருக்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டைக் கரைப்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆபரேஷன் அல்ல. ஒவ்வொரு மாதமும் மருந்துக்கடையில் கொடுக்கும் காசு. அந்தக் காசு இல்லாத மாதத்தில் மாத்திரை பாதியாகும். பாதி மாத்திரை சில வருடங்களில் டயாலிசிஸ் ஆகும், பக்கவாதம் ஆகும். அப்போது கார்டு வேலை செய்யும். நோய் முற்றிய பிறகு திறக்கும் கதவு என்றால் அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் போதாது.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 சதவீதத்தை மக்களே நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22இல் அது 39.4 சதவீதமாகக் குறைந்தது. இது நல்ல முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனாலும் மக்கள் கையிலிருந்து போகும் பணத்தில் பெரும் பங்கு இன்னும் மருந்துக்கே போகிறது. டாக்டர் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையில் திட்டக் கமிஷன் அமைத்த நிபுணர் குழு 2011இலேயே இதைச் சொல்லிவிட்டது: அத்தியாவசிய மருந்துகளை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள், ஆரம்ப சுகாதாரத்தைப் பலப்படுத்துங்கள், தனியார் காப்பீட்டை நம்பி எல்லோருக்குமான மருத்துவத்தைக் கட்ட முடியாது. அறிக்கை வந்தது. நடந்தது பெரும்பாலும் காப்பீட்டு விரிவாக்கம்.

மருந்தை இலவசமாகக் கொடுப்பது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால், தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தைச் சொல்லுங்கள். 1994இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுக்க வேண்டிய மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குவது, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைப்பது, வந்த மருந்தில் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் தேறிய பிறகே வெளியே விடுவது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதில் உள்ள தொகைக்குத் தேவையானதை அவர்களே கேட்டு வாங்க விடுவது. இவ்வளவுதான் ஏற்பாடு. கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்து இதே போன்ற கழகங்களை உருவாக்கின. கர்நாடகத்திலும் கழகம் இருக்கிறது. ஆனால் 2024 நவம்பரில் பெல்லாரி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்த தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தபோது, ஏற்றப்பட்ட ரிங்கர் லாக்டேட் டிரிப் மீது சந்தேகம் விழுந்து மாநிலமே கலங்கியது. மருந்து வாங்கும் கிடங்குக்குத் திறப்பு விழாவோ போஸ்டரோ கிடையாது. அதனால்தான் அது யார் கண்ணிலும் படுவதில்லை. என்னைக் கேட்டால், ஒரு அரசு மருத்துவத்தில் எவ்வளவு அக்கறை காட்டுகிறது என்பதை அந்தக் கிடங்கில்தான் பார்க்க வேண்டும்.

5 லட்சத்தை அரசு ஒதுக்கிய பணம் என்று எண்ணுவது

5 லட்சம் என்பது உச்சவரம்பு. திட்டம் தொடங்கியபோது மத்திய அரசு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்ட அதிகபட்சத் தொகை 1,052 ரூபாய். அதில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநிலம். அதாவது மத்திய அரசின் பங்கு குடும்பத்துக்கு 631 ரூபாய் சொச்சம். இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லாக் குடும்பமும் ஒரே ஆண்டில் ஆஸ்பத்திரிக்குப் போகாது என்பதால் கூட்டுக் காப்பீடு இப்படித்தான் நடக்கும். ஆனால் செலவு அந்த 1,052 ரூபாய்க் கணக்கைத் தாண்டினால் மீதி மாநிலத்தின் தலையில் என்பதைப் போஸ்டர் சொல்லாது.

கர்நாடகத்தின் நீண்ட நாள் குறையும் இதுதான். 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து மத்திய அரசு ஏற்றுக்கொண்டது கர்நாடகத்தில் சுமார் 62 லட்சம் குடும்பங்களை. மாநிலம் சேர்த்திருப்பது அதைவிட மிக அதிகம். கூடுதல் குடும்பங்களுக்கு முழுச் செலவும் மாநிலக் கஜானாவிலிருந்து போகிறது. ஆனால் எல்லோருடைய கார்டும் ஒன்றுதான். "எங்கள் பணம், உங்கள் பெயர்" என்று மாநிலம் சொல்கிறது. "எங்கள் திட்டத்தால்தான் உங்கள் மக்களுக்கு நாடு முழுக்கச் சிகிச்சை" என்று மத்திய அரசு சொல்கிறது.

பெயர்ப் பலகைச் சண்டை என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்கு நோயாளிகள் விலை கொடுக்கிறார்கள். மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் ஆயுஷ்மான் பாரத்திலிருந்து வெளியேறியது. ஒடிசா ஆட்சி மாறிய பிறகு 2025 ஜனவரியிலும், டெல்லி ஆட்சி மாறிய பிறகு 2025 ஏப்ரலிலும் சேர்ந்தன. சுகாதார நிலையங்களில் மத்திய அரசு சொன்ன பெயர் இல்லை என்று பஞ்சாபுக்கு தேசிய சுகாதார இயக்கத்தின் நிதி நிறுத்தி வைக்கப்பட்டது. இந்த மாநிலங்களில் நோய்கள் மாறவில்லை, மக்கள் மாறவில்லை. மாறியது கட்சி.

இங்கேயும் பார்த்தோம். 2025 மே மாதம் அரசு ஆஸ்பத்திரி வளாகங்களுக்குள் இருக்கும் ஜன் ஔஷதி என்னும் மலிவு விலை மருந்துக் கடைகளை மூடக் கர்நாடக அரசு உத்தரவிட்டது. உள்ளேயே மருந்து இலவசம் என்னும்போது கடை எதற்கு என்பது அரசின் வாதம். மத்தியத் திட்டம் என்பதால்தான் மூடுகிறார்கள் என்றது பா.ஜ.க. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. கொள்கையளவில் அரசின் வாதம் சரிதான், அரசு ஆஸ்பத்திரிக்குள் யாரும் மருந்தை விலைக்கு வாங்கக் கூடாது. ஆனால் முதலில் கவுன்டரில் மாத்திரை இருக்க வேண்டும், கடையை அப்புறம் மூட வேண்டும். அந்த வரிசை தவறினால் நடுவில் நிற்பது நோயாளிதான்.

"ஆளுக்குக் கொஞ்சம் கட்டினால் முடிந்தது" என்பது

பிரீமியம் வாங்கி எல்லோரையும் சேர்த்துவிடலாம் என்ற யோசனை கேட்க நியாயமாக இருக்கும். கர்நாடகம் அதை நாட்டுக்கே முன்னோடியாகச் செய்து பார்த்தது. 2003இல் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக வந்த யஷஸ்வினி திட்டத்தில் தொடக்கத்தில் ஆண்டுக்கு 60 ரூபாய்தான். பல ஆயிரம் பேருக்கு ஆபரேஷன் நடந்தது. நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விரும்பியவர் சேரலாம் என்ற திட்டத்தில் நோய் உள்ளவர் முந்திக்கொண்டு சேருவார், திடமாக இருப்பவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். கட்டணம் ஏறும், அரசு மானியம் ஏறும். 2018இல் அது ஆரோக்கிய கர்நாடகாவில் கரைந்து, 2022-23இல் மறுபடி உயிர்பெற்றது.

சம்பளத்தில் பிடிக்கும் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வேறு மாதிரி. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு இதுதான் உண்மையான பலம், ஓ.பி.யும் மருந்தும்கூட இதில் உண்டு. ஆனால் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் வெளியே. வீட்டு வேலைக்குப் போகிறவர், தள்ளுவண்டிக்காரர், சித்தாள், பெயின்டர் என்று சம்பளச் சீட்டே இல்லாதவர்களிடம் யார் எதைப் பிடிப்பது? ஆப் மூலம் டெலிவரி, டாக்சி வேலை செய்கிறவர்களுக்காக 2025இல் கர்நாடகம் கொண்டுவந்த கிக் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையின் மேல் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனங்களிடமிருந்து நல நிதி வசூலிக்க வழி செய்கிறது. அது நல்ல தொடக்கம். ஆனால் அது ஒரு பிரிவினருக்கு மட்டும்தான்.

தாய்லாந்து விருப்பப்பட்டவருக்குக் கட்டண அட்டை விற்றுப் பார்த்து அலுத்துப்போய், 2001-02இல் பொது வரிப் பணத்திலிருந்தே எல்லோருக்கும் என்று மாறியது. நோயாளி கொடுத்தது ஒரு முறைக்கு 30 பாட். அப்போது அது பணக்கார நாடு அல்ல. 1997 நிதி நெருக்கடியிலிருந்து முழுதாக எழுந்திருக்கவும் இல்லை. டாக்டர் சங்குவான் போன்ற அரசு மருத்துவர்கள் பல வருடம் திட்டத்தைத் தயாராக வைத்திருந்தார்கள், ஒரு கட்சி அதைத் தேர்தல் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டது, சட்டமாக்கியது. ஆட்சிகள் கவிழ்ந்தும் திட்டம் நிற்கிறது. கானாவில் காப்பீட்டு நிதியின் பெரும்பகுதி மதிப்புக் கூட்டு வரியோடு சேர்த்து வசூலிக்கும் தனி வரியிலிருந்து வருகிறது. அமைப்புசாராத் தொழிலாளர்கள் நிறைந்த நாடுகளில் பொது வரி இல்லாமல் இது நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு சின்னத் தவறு: சிறு கட்டணம்தானே என்று விட்டுவிடுவது. 2024 நவம்பரில் விக்டோரியா உள்ளிட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. சீட்டு 10 ரூபாயிலிருந்து 20 ஆனது. அரசுக்கு அதில் வரும் வருமானம் அற்பம். கே.ஆர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு அது சீட்டோடு நிற்காது. அட்மிஷன், பரிசோதனை என்று ஒவ்வொரு கவுன்டரிலும் ஏறும்.

ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் பணம் மிச்சம் என்று நம்புவது

கர்நாடகத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பி.பி.எல். ரேஷன் கார்டு இருந்தால் 5 லட்சம் வரை முழுச் செலவு. இல்லாத குடும்பத்துக்கு நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதம் மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை. ஆகவே ஒரு ரேஷன் கார்டின் நிறம் ஒரு குடும்பத்தின் சிகிச்சையையே தீர்மானிக்கிறது. 2024 நவம்பரில் தகுதியில்லாதவர்கள் என்று பல பி.பி.எல். கார்டுகள் ரத்தானபோது ஏன் அவ்வளவு கொந்தளிப்பு வந்தது? அரிசி மட்டும் போகவில்லை, ஆஸ்பத்திரியும் சேர்ந்து போனது. எதிர்ப்பு வலுத்ததும் அரசு பின்வாங்கியது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் என்பதுதான் எல்லைக்கோடு. மாதம் 10,000. பெங்களூரில் அதற்குக் கொஞ்சம் மேலே சம்பாதிக்கும் குடும்பத்தை ஏழை இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல். பல குடும்பங்களின் ரேஷன் கார்டு இன்னும் தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோ இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மான் பாரத்தும் இணைந்தே நடக்கின்றன. உங்கள் குடும்பம் மத்தியப் பட்டியலில் வந்தால் பெங்களூர் ஆஸ்பத்திரியிலும் செல்லும். மாநில அரசு தன் பணத்தில் சேர்த்த குடும்பம் என்றால் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஆள் நன்றாக இருக்கும்போதே, பதிவு பெற்ற ஆஸ்பத்திரியில் இருக்கும் ஆரோக்கிய மித்ரா என்ற திட்ட உதவியாளரிடம் ஆதாரைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். அவசரம் அல்லாத பெரிய சிகிச்சைக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அரசு ஆஸ்பத்திரியின் ரெஃபரல் லெட்டர் வேண்டும் என்பதையும் பலர் பில் வந்த பிறகுதான் அறிகிறார்கள்.

பணக்கணக்கைத் தாண்டி ஓர் அரசியல் காரணமும் உண்டு. நடுத்தர வர்க்கம் பயன்படுத்தாத ஆஸ்பத்திரிக்காகச் சட்டமன்றத்தில் குரல் உயராது. வசதியுள்ளவர் தனியாருக்குப் போய்விட்டால், அரசு ஆஸ்பத்திரியின் லிஃப்ட் ஆறு மாதம் ஓடாவிட்டாலும் எந்த எம்.எல்.ஏ.வுக்கும் போன் வராது.

"அரசிடம் பணம் இல்லை" என்பதை அப்படியே ஏற்பது, அல்லது பணம் வந்தால் போதும் என்பது

2002 தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் மருத்துவச் செலவை 2010க்குள் ஜி.டி.பி.யில் 2 சதவீதமாக்குவோம் என்றது. 2017 கொள்கை, 2025க்குள் 2.5 சதவீதம் என்றது. கொரோனா முழு வேகத்தில் இருந்த 2021-22இல்கூட மத்திய, மாநில அரசுகள் எல்லாம் சேர்த்து எட்டியது 1.84 சதவீதம். வாக்குறுதிக்குச் சட்டத்தின் பிடி இல்லை, தவறினால் கேட்க ஆள் இல்லை.

மாநிலம்தான் மருத்துவத்துக்குப் பொறுப்பு என்கிறது அரசியல் சாசனம். வருமானத்தின் முக்கியக் குழாய்கள் டெல்லியில் இருக்கின்றன. நம் வருமான வரியில் சேரும் 4 சதவீத சுகாதார, கல்வி செஸ் என்ற கூடுதல் வரி மாநிலங்களோடு பகிரப்படும் வரித் தொகுப்பில் சேராது. செஸ் போட்டுவிட்டார்கள், மருத்துவத்துக்குப் பணம் வந்துவிடும் என்று நினைப்பதும் ஆபத்து. ஒரு பக்கம் செஸ் வரும், மறு பக்கம் வழக்கமான ஒதுக்கீட்டை அதே அளவுக்குக் குறைக்கலாம். மொத்தம் கூடியதா என்று மட்டும் பாருங்கள்.

ஆனால் பணம் வந்தாலும் நர்ஸ் பணியிடம் காலியாகக் கிடந்தால் ஒன்றும் நடக்காது. 'நம்ம கிளினிக்' என்ற அரசு கிளினிக் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் வார்டுக்கு ஒன்று என்று 2023இல் தொடங்கினார்கள். அருமையான யோசனை, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் தொடக்கத்தில் நேரம் காலை 9 முதல் மாலை 4.30 வரை. கூலி வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் வர வேண்டுமானால் அன்றைய கூலியை விட வேண்டும். அவர் வேலை முடிந்து வரும் நேரத்தில் திறந்திருப்பது தனியார் கிளினிக்கும் மருந்துக்கடையும்தான். பின்னர் சில இடங்களில் மாலை நேரம் வந்தது. இவற்றுக்குக் கை கொடுத்த 15ஆவது நிதிக் குழுவின் சுகாதார மானியம் 2021-26 காலத்துக்கானது. டாக்டர், நர்ஸ் சம்பளம் மாநில பட்ஜெட்டில் நிரந்தரமாக ஏறியதா என்பதை அதற்கு அப்புறமும் ஒவ்வொரு ஆண்டும் பார்த்தாக வேண்டும்.

எதிர்ப்பே இல்லாமல் நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பது

2017 நவம்பரில் கர்நாடகத்துத் தனியார் டாக்டர்கள் செய்த வேலைநிறுத்தம் பலருக்கு நினைவிருக்கும். தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கட்டணத்துக்கு வரம்பும் தவறுக்குச் சிறையும் கொண்டுவரப் பார்த்தார் அன்றைய சுகாதார அமைச்சர் ரமேஷ் குமார். மாநிலமெங்கும் ஓ.பி. மூடியது. சில நாளில் அரசு இறங்கிவந்தது. நிறைவேறிய சட்டத்தில் அரசுத் திட்டங்களின் கீழ் வரும் சிகிச்சைக்கு மட்டுமே கட்டண நிர்ணயம். ஆனாலும் அவசர நோயாளியிடம் முன்பணம் கேட்கக் கூடாது, பாக்கிக்காக உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்ற விதிகள் தங்கின. அவை நம் உரிமை, தெரிந்து வைத்திருங்கள்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் 1962 ஜூலையில் பொது மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசு சில விஷயங்களை விட்டுக்கொடுத்தது, அடிப்படையை விடவில்லை. நான்கே வருடத்தில் கனடா முழுவதற்கும் சட்டம் வந்தது. டாக்டர்களை எதிரியாக்குவதும் தவறு. சொற்பக் கட்டணம் நிர்ணயித்து, அந்தத் தொகையையும் மாதக்கணக்கில் பாக்கி வைத்தால் எந்தச் சிறு ஆஸ்பத்திரியும் கார்டு நோயாளியைக் கண்டு முகம் சுளிக்கத்தான் செய்யும். 2025இல் ஹரியானாவில் தனியார் ஆஸ்பத்திரிகள் பாக்கிக்காக ஆயுஷ்மான் சேவையையே நிறுத்தின.

யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பது

பெங்களூரில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நகரத்துக்கு கார்ப்பரேட்டர்கள் இல்லாமல் போனது. கொரோனாவின் மிக மோசமான நாட்களும் அதற்குள்தான் வந்தன. வார்டு கிளினிக்கில் மருந்து இல்லை என்றால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது.

வார்டுத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் புது ஆஸ்பத்திரிக் கட்டடம் கேட்காதீர்கள், அது அவர் கையில் இல்லை. கிளினிக் இரவு 8 மணி வரை திறந்திருக்குமா, சுகர் மாத்திரையும் பி.பி. மாத்திரையும் ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்களா, இன்று என்ன மருந்து இருப்பில் இருக்கிறது என்று கன்னடத்தோடு தமிழிலும் உருதுவிலும் பலகையில் எழுதி வைப்பார்களா என்று கேளுங்கள். எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டியது வேறு: மருந்து வாங்கும் கழகத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் மார்ச்சுக்குள் எவ்வளவு செலவானது. எம்.பி.யிடம் கேட்க வேண்டியது அந்த 2.5 சதவீதம்.